கால்மாட்டில் நிற்பது

மார்ச் 3

மதிப்பீட்டாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இதை எழுதுபவள் மலைமேல் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுப் பொறுப்பு நர்ஸ். உங்களுக்கு அவளை வேறு விதத்திலும் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்து, உங்கள் முதுகில் யானை ஏறி வளர்ந்தவள்.

போன வாரம் உங்கள் பயிற்சிக் குழு சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வார்டுக்கு வந்து இறங்கியது. குழுவில் இருந்த ஒரு நர்ஸ் ரப்பர் வயிற்றைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தாள். போர்வைக்குள் சிவப்புத் தண்ணீர்ப் பை. "பிரசவம் ஆயிடுச்சு, ரத்தம் நிக்கல, ஆரம்பிங்க" என்றார்கள். ஆரம்பித்தேன். வயிற்றைப் பிசைந்தேன், ஊசி போட்டேன், டிரிப் ஏற்றினேன், கால்களை உயர்த்தினேன். சிவப்புத் தண்ணீர் நின்றது. நீங்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்று தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் நல்லது எழுதுகிறார் அண்ணன் என்று நினைத்து உங்களைப் பார்த்துச் சிரித்தேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

இன்று அறிக்கை வந்தது. வார்டு தேறவில்லையாம். தலைமை ஏற்றவர் கைகளை விடுவித்துக்கொண்டு கால்மாட்டில் நின்று வழிநடத்தினாரா? இல்லை. சொல்லியதும் செய்ததும் எல்லோர் காதிலும் விழுந்ததா? இல்லை. ஒரே ஊசி இரண்டு முறை போடப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் மறுபடியும் சொல்லாமல் வருவார்களாம். அப்போதும் தேறாவிட்டால் இனி இங்கே பிரசவம் பார்க்க வேண்டாம், எல்லாரையும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று எழுதிவிடுவார்களாம்.

அந்த ரோட்டில் நீங்கள் ஒரு முறைதான் வந்திருக்கிறீர்கள். வந்த அன்று இரண்டு வளைவில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தீர்கள். வலி எடுத்தவளை அதில் கொண்டுபோகச் சொல்கிறீர்கள்.

நான் இருக்கும்போது இந்த வார்டில் ஒரு தாயும் போனதில்லை. அதைக் குறிக்க உங்கள் தாளில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

அறிக்கையின் கீழே இருக்கும் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பேர் எழுதித் தந்த அதே கையெழுத்து.

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் மருந்து வண்டியில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தேறாதவள்


மார்ச் 7

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். இதுவும் சரியாக வந்திருக்கிறதா தெரியவில்லை. வண்டிக்காரர் கீழே ஹார்ன் அடித்தால் இப்படியே கொடுத்துவிடுவேன்.

முதலில் என் தரப்பில் ஒன்று. உன் வார்டுக்குப் போகிறோம் என்று வண்டியில்தான் சொன்னார்கள். அப்போதே, அங்கே பொறுப்பில் இருப்பவள் என் தங்கை, நான் மதிப்பெண் போடுவது முறையில்லை என்று குழுத் தலைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாந்தி வந்துவிட்டது. பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கச் சங்கடமாக இருந்தது. இது சாக்கு மாதிரி இருக்கிறது, தெரிகிறது.

உன் கைகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஓய்வுக்குப் பிறகு இந்தக் குழுவில் சேரும்வரை நான் முப்பது வருடம் கல்லூரியில் உடலியல் நடத்தியவன். கருப்பை எப்படிச் சுருங்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒரு தாயின் வயிற்றில் கை வைத்ததில்லை. அன்று உன்னைப் பார்த்தபோது, நான் வரைந்ததெல்லாம் இதுதானா என்று பிரமிப்பாக இருந்தது. அதனால்தான் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மற்றதும் கண்ணில் பட்டது.

நீ கட்டிலுக்குக் குறுக்கே எட்டி, அவளுடைய இடது தோளில் ஊசியைப் போட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. உன் முதுகுக்குப் பின்னால், நீ ரேடியோ என்று கூப்பிடும் அந்த நர்ஸ் பெண் அதே மருந்தை உடைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நீ போட்டதை அவள் பார்க்கவில்லை. உன் முதுகைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு தொடையில் போட்டாள். தண்ணீர்ப் பை கட்டியவளுக்கு ஒன்றும் ஆகாது, ஒத்திகைக் குப்பியில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். ஏற்கெனவே ரத்தம் போய்த் துவண்டு கிடக்கும் நிஜத் தாய்க்கு அதே மருந்து இன்னொரு முறை போனால் ரத்த அழுத்தம் எவ்வளவு கீழே போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் வாயைத் திறந்து மூடியதைக் குறிக்கத்தான் உண்மையில் தாளில் கட்டம் இல்லை. இருந்திருந்தால் அதை மட்டும் குறித்திருப்பேன்.

எங்கே யார் தலைமை ஏற்றாலும் கால்மாட்டில் நிற்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கையில் வேலை இருப்பவர் கண்ணில் அந்த வேலைதான் தெரியும். கை சும்மா இருப்பவருக்குத்தான் மொத்தக் கட்டிலும் தெரியும். போட்டதைப் போட்டதாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் கேட்டதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு முறை செய்து பார்ப்பாயா? கேட்பதற்கே பயமாக இருக்கிறது.

உன் அண்ணன்

பின்குறிப்பு: நீ சிரித்ததற்கு நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. மதிப்பீட்டாளர் சிரிக்கக் கூடாது என்று விதி.


மார்ச் 14

அண்ணாவுக்கு,

கோபம் போகவில்லை. ஆனால் "நீங்கள்" போட்டு எழுதுவது கை வலிக்கிறது.

செய்து பார்த்தோம். தலையணைக்குப் போர்வை போர்த்தித் தாயாக்கினோம். ரேடியோ கட்டிலின் ஒரு பக்கம், ஏணி மறு பக்கம். ஏணி என்பது புதிதாக வந்திருக்கும் நெட்டைப் பெண். மேல் தட்டில் இருக்கும் எதையும் ஸ்டூல் போடாமல் எடுத்துத் தருவாள், அதற்காக வைத்த பேர். நான் கால்மாட்டில். பத்து எண்ணுவதற்குள் என் கை தலையணை மேல் இருந்தது. எப்படிப் போனது என்று சத்தியமாகத் தெரியாது. இரண்டாவது முறை, ஏப்ரன் நாடாவால் என் கைகளைப் பின்னால் கட்டச் சொன்னேன். ஏணி கட்டினாள். ரேடியோ வழக்கமாக வராந்தாவில் பேசிக்கொண்டே வருவாள், நான் தலை காட்டினால் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி அடங்கிவிடுவாள். அவளே அன்று வாயை விட்டுவிட்டாள். "சிஸ்டர், நீங்க கண்ணாலேயே தலையணையைப் பிசையறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அண்ணா, கட்டிய கைகளோடு நின்றபோது, யாரோ என்னை வேலையை விட்டு நீக்கிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த வருடம் எப்படியும் நீக்கத்தான் போகிறார்கள், ஓய்வு என்று பேர் வைத்து. அதற்கு ஒத்திகை பார்ப்பானேன்?

நேற்று மதியம் நிஜமாகவே ஒருத்திக்கு ரத்தம் போனது. கடுமையாக இல்லை. நான் பாய்ந்துவிட்டேன். நாடாவும் இல்லை கால்மாடும் இல்லை. பாதி டீ ஆறுவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. அவள் இப்போது உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். உன் தாளோடு வந்து அவளைக் கேள், நான் எங்கே நின்றேன் என்று.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உனக்கு எழுதும்போது பொய் வர மாட்டேன் என்கிறது. எல்லாம் முடிந்து கை கழுவும்போது ரேடியோவிடம் கேட்டேன், நான் என்ன ஊசி போட்டேன், எப்போது போட்டேன் என்று. அவள் தரையைப் பார்த்தாள். ஏணியைக் கேட்டேன். அவள் ரேடியோவைப் பார்த்தாள். சின்ன டாக்டரைக் கேட்டேன், அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, "நீங்க இருக்கீங்களேன்னு நான் கவனிக்கல" என்றார். அதை எனக்குப் புகழ்ச்சியாகச் சொன்னார்.

இரவெல்லாம் அது உறுத்துகிறது. நீதான் காரணம்.

தங்கை


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

நீ "அண்ணா" என்று எழுதியதை நான் பலமுறை படித்தேன். மற்றதை அப்புறம்தான் படித்தேன்.

கைகளைக் கட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். கட்டினால் நாடாதான் அடக்கி வைத்திருக்கிறது, நீ இல்லை. கையில் ஏதாவது பிடித்துக்கொண்டால் என்ன? எனக்குத் தாள் இருப்பது மாதிரி. நான் வாழ்நாள் முழுவதும் கால்மாட்டிலேயே நின்றவன். எனக்கு அது சுலபம். பெருமைக்குச் சொல்லவில்லை, பயந்தவன் நிற்கும் இடமும் அதுதான். அதிலிருந்து கட்டிலருகே வர எனக்குத் தைரியம் வந்ததில்லை. உனக்கு அங்கிருந்து விலகத் தைரியம் வேண்டும். எது கடினம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே வேலை அதிகம். அவசரப் பிரிவு ஊழியர்களுக்கு மூளைத்தாக்கு பற்றிய பாடத்தை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, அப்படியென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே, தானாகச் சரியானாலும் விட்டுவிடாதே, சரியாகிப் போவதுதான் பெரிய தாக்கு வருவதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை என்று எழுதி முடித்தேன். போன மாதம் அதற்கான ஒத்திகையில் நோயாளியாக நடித்ததும் நான்தான். வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு தள்ளுவண்டியில் போனேன். எல்லாரும் நன்றாக நடித்தேன் என்றார்கள். இந்த வயதில் ஒரு பாராட்டு.

அதையொட்டி ஒரு வேடிக்கை. செவ்வாய்க்கிழமை காலை சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. வலது கை பொத்தானைப் பிடிக்கிறது, துளைக்குள் நுழைக்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து தண்ணீர் வந்ததா என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை, அவர் தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் போய்விட்டார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, பொத்தானும் போட்டேன். முதல் வருட மாணவர்களுக்கு, எந்த நோயைப் படிக்கிறார்களோ அது தங்களுக்கே இருப்பதாகத் தோன்றும். எழுபது தாண்டியும் நான் முதல் வருடத்திலேயே இருக்கிறேன் போலும். முந்தைய நாள் முழுவதும் அதையே எழுதினேன் அல்லவா, மனம் அதை நடித்துப் பார்த்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்தேன். அங்கே எல்லாருக்கும் என்னை நடிப்பு நோயாளியாகத் தெரியும். போய் நின்றால் எவ்வளவு அசிங்கம்.

நீ கவலைப்பட வேண்டாம். எழுதியிருக்கவே கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அடித்தால் தாள் அழுக்காகும் என்று விட்டுவிட்டேன்.

உன் அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ தூங்குகிறாய். எழுப்பினால் வணக்கம் சொல்லி எழுந்து உட்காருவாய், அதனால் எழுப்பவில்லை. இந்தத் துண்டுச் சீட்டைத் தண்ணீர்க் கூஜாவின் கீழே வைக்கிறேன். எனக்கு வண்டி வந்துவிட்டது.

உன் கடிதத்தை மருந்து வண்டியின் படியில் நின்றே படித்தேன். படித்து முடித்ததும் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர், "சிஸ்டர், மருந்துப் பெட்டி இன்னும் இறக்கல" என்றார். இறக்கிவிட்டு ஏறுங்கள், நான் இறங்க மாட்டேன் என்றேன். ஏப்ரனைக் கழற்றவில்லை என்று பாதி வழியில்தான் தெரிந்தது. உன் மாடிப்படியில் நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். பரவாயில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனபோது அந்த வாசல் நர்ஸ் சிரித்துக்கொண்டே, "சார், இன்னிக்கு எந்தப் பக்கம் கோணணும்?" என்றாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மன்னிக்கணும், இது நிஜம்" என்றாய். மன்னிப்புக் கேட்டாய். ஆனால் அண்ணா, அவள் சிரிப்பு அந்த நொடியே நின்றுவிட்டது. சத்தமாகச் சொன்னாள், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள், ஆளாளுக்கு ஒரு வேலை. உன் பாடம்தான். ஸ்கேன் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, அங்கே கட்டிய ரத்தத் துளி மூளைக்குப் போயிருக்கிறது, நல்ல காலம் சின்னது, கரைந்துவிட்டது என்றார்கள். முப்பது வருடம் இதயத் துடிப்பைப் பாடம் நடத்தியவன் தன் நாடியைத் தொட்டுப் பார்த்ததில்லை. வெள்ளை மாத்திரை காலையும் மாலையும். ஒரு வேளை விட்டாய் என்று தெரிந்தால் மறுபடி வருவேன்.

மதியம் வார்டிலிருந்து போன் வந்தது. நேற்று நான் இல்லாதபோது ஒரு தாய்க்குக் கடுமையாக ரத்தம் போயிருக்கிறது. உயிரோடு இருக்கிறாள் என்று ஏணி சொன்னாள். மேற்கொண்டு கேட்பதற்குள் மலைக் காற்றில் போன் அறுந்துவிட்டது. என்ன நிலையில் இருக்கிறாள், என்ன செய்தார்கள், ஒன்றும் தெரியாமல் போகிறேன்.

தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரை தவறவில்லை. சட்டைப் பொத்தானைத் தினமும் காலையில் மேலிருந்து கீழாகப் போட்டுப் பார்க்கிறேன். வந்த அன்று வீட்டுக்காரர் எதிர்ப்பட்டார். உங்கள் தங்கையா அது, நல்ல குரல் என்றார்.

நான் தூங்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தேன். போன் வந்தபோது நீ ஜன்னலோரம் போய் நின்றதைப் பார்த்தேன். முதலில் யாரையோ திட்டினாய். உன் இடது கையில் போன் இருந்தது. வலது கை காற்றில் பிசைந்துகொண்டிருந்தது. கீழே எதுவும் இல்லை. போன் அறுந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. அப்போது எழுந்து உன் கையைப் பிடித்திருக்கலாம். வழக்கம்போல யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அந்தத் தாய் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி போதும். நான் பயப்படுவேன் என்று மறைக்காதே, எழுதாவிட்டால் அதைவிட அதிகம் பயப்படுவேன்.

குழுத் தலைவியிடம் பேசிவிட்டேன். உன் வார்டுக்கு இனி நான் மதிப்பெண் போட மாட்டேன் என்றேன். நியாயம்தான், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். ஆமாம் என்றேன். அது எவ்வளவு எளிதாக முடிந்தது என்று வீட்டுக்கு வந்தும் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அட்டவணை எழுதுகிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

அவள் பிழைத்துக்கொண்டாள். நேற்று நடந்தே வீட்டுக்குப் போனாள், பிள்ளையை மாமியாரிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இனி மற்றது.

நான் போய் இறங்கும்போது அழுகையும் குழப்பமுமாக இருக்கும் என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றுகூட நினைத்தேன், உன்னிடம் என்ன மறைக்க. மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டாக்டர் எனக்கும் ஒரு டீ ஊற்றினார்.

நடந்ததை ரேடியோ சொன்னாள், மற்ற இருவரும் அங்கங்கே திருத்தினார்கள். பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி வெளியே வந்து, கொஞ்ச நேரத்தில் குழாய் திறந்த மாதிரி கொட்டியதாம். சின்ன டாக்டர் கட்டிலருகே போகப் பார்த்தார். ரேடியோ அவரைக் கால்மாட்டுக்குப் போகச் சொன்னாளாம். டாக்டரை. அவர் போனார். தினமும் தலையணையில் பழகியபடி, பிசைவது ரேடியோ. ஏணி ஊசியைப் போட்டுவிட்டு, "ஊசி போட்டாச்சு, இடது தொடை" என்று வராந்தாவுக்குக் கேட்கும்படி கத்தினாள். "இடது தொடை, போட்டாச்சு" என்று டாக்டர் திருப்பிச் சொன்னார். ரத்தம் பிடிக்கக் கீழே விரித்த அளவுப் பையைப் பார்த்து எவ்வளவு போனது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டிரிப் ஏற்றியாச்சு, ஏற்றியாச்சு. மூத்திரப் பை காலி, காலி. ஒரு கட்டத்தில் கட்டிலில் கிடந்த அந்தத் தாயே, குரல் எழும்பாமல், "போட்டாச்சு" என்று கூடச் சேர்ந்து சொன்னாளாம். அதைச் சொல்லும்போது ரேடியோ சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது.

அவளுக்குப் போன ரத்தத்தின் அளவை இரண்டு முறை கேட்டேன். என் கையில் நின்றதெல்லாம் இதில் பாதிகூட இருக்காது. என்னிடம் இது வந்திருந்தால் நானே பிசைந்து, நானே போட்டு, நானே ஏற்றி, யாருக்கும் ஒன்றும் தெரியாமல், ஒருவேளை.

அந்த ஒருவேளைக்கு அப்புறம் என்னால் யோசிக்க முடியவில்லை. எழுந்து போய், கழுவாமல் கிடந்த பேசினைக் காட்டி மூவரையும் திட்டினேன். பிறகு துணி அறைக்குள் போய் ஏற்கெனவே மடித்திருந்த போர்வைகளையெல்லாம் உதறித் திரும்ப மடித்தேன்.

நான் இல்லாதபோது நடந்திருக்கிறது அண்ணா. நான் இல்லாததால் நடந்திருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிகிறது. முந்தாநாள் ரேடியோ என் பக்கத்தில் வந்து நின்று, கையைப் பிசைந்துகொண்டு, "சிஸ்டர், நீங்க லீவே எடுக்கறதில்லையே, ஒரு ரெண்டு நாள் எடுங்களேன்" என்றாள். எப்போது என்றேன். "அவங்க மறுபடி வர்ற அன்னிக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அவள் சொல்வது சரி. நான் இருந்தால் தோற்போம், இல்லாவிட்டால் தேறுவோம். வார்டு நிலைக்கும். கீழே அந்த வளைவுகளில் எவளும் பிள்ளை பெற வேண்டாம். அதற்காக நான் ஒரு நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தயார்.

அட்டவணை உன் கையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தேதியை மட்டும் சொல். வேறு எதுவும் கேட்க மாட்டேன். உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, யானை ஏறியதைத் தவிர.

தங்கை


ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

தேதி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

மேலே இருக்கும் வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். வாழ்க்கையில் யாரிடமும் இப்படிச் சொன்னதாக நினைவில்லை. உன்னிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. கை நடுங்குகிறது, பயப்படாதே, இரண்டு கையும் ஒரே மாதிரிதான் நடுங்குகிறது.

விதி என்பதற்காகச் சொல்லாமல் இருக்கவில்லை. அதுவும் உண்டு. ஆனால் நீ இல்லாத ஒரு நாளில் அவர்கள் தேறினால், எந்த வார்டு தேறியதாகும்? மறுநாள் காலை நீ ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே வருவாய். ரேடியோ வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு ஒருத்திக்கு ரத்தம் கொட்டினால் எங்கள் சான்றிதழ் அவளுக்கு எதற்கு? நீ ஓய்வு பெறும்வரை அங்கே பிள்ளை பெற வருகிறவர்கள் எல்லாரும் நீ இருக்கும் நாளில்தான் வருவார்கள்.

நீ இருக்கும்போது அவர்கள் பேச வேண்டும். பரீட்சை அது ஒன்றுதான். நீ இல்லாதபோது பேசிக் காட்டியாயிற்று.

அவர்களுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் ஒரு நாள் வந்தோம், போனோம். தலையணையை வைத்துக்கொண்டு தினமும் கைகளைக் கட்டி நின்றது நீ. உனக்கு வராத ஒன்றை அவர்களுக்கு வரவைத்திருக்கிறாய். நான் முப்பது வருடம் செய்ததும் அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன், ஆறுதலுக்காக இல்லை. ஆறுதலுக்கும்தான்.

நீ தோற்றுப் போனால் என் மேல்தான் கோபப்படுவாய். வார்டு மூடினால் நான் எந்த முகத்தோடு உனக்கு எழுதுவேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாதது வேண்டுமென்றுதான். உன்னைத் தவிக்கவிட வேண்டும் என்று இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மட்டும் வண்டிக்காரரிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டேன். அவர் உன் மாடி ஏறி மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார், நான் சொல்லித்தான். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று வந்தார்கள். நான் துணி அறையில் இருந்தேன். அதே ரப்பர் வயிறு, அதே பை. சுவரோடு ஒட்டி நிற்க வேறு ஒருவர் வந்திருந்தார், உன்னைவிடக் குண்டு, சுவர் போதவில்லை.

கால்மாட்டுக்குப் போய் நின்றேன். நீ சொன்னபடி கையில் பிடித்துக்கொள்ள ஒரு மடித்த துண்டு வைத்திருந்தேன். ரேடியோ ஊசியைப் போட்டுவிட்டுப் பிசைந்தாள், ஏணி டிரிப் ஏற்றினாள். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. இதைச் செய், செய்தாச்சு, எவ்வளவு போயிருக்கிறது, இவ்வளவு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது கட்டிலில் கிடந்த அந்தப் படுபாவி தண்ணீர்ப் பையை இன்னும் திறந்துவிட்டாள். சிவப்பு விரிப்பைத் தாண்டித் தரையில் சொட்டியது. அண்ணா, எனக்கு அது தண்ணீர் என்று தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. துண்டு எப்போது கீழே விழுந்ததோ, நான் கட்டிலின் பக்கவாட்டில் இருந்தேன், தட்டில் அவசரத்துக்கு ஏற்றி வைத்திருந்த இன்னொரு ஊசி என் கையில் இருந்தது, அவள் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயில் பேச்சில்லை. முதல் தடவை மாதிரியே. அச்சு அசலாக அதே மாதிரி.

ரேடியோ என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர், கையை எடுங்க. ஊசி நான் போட்டுட்டேன்."

இத்தனை வருடத்தில் அந்த அறையில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. ஒரு நொடி அவளை அறைந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள், கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். ஆனால் பிசைகிற கையை எடுக்கவில்லை.

"ஊசி போட்டாச்சு" என்று நான் திருப்பிச் சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்தேன். கால்மாட்டுக்குத் திரும்பி நடந்தேன். ஏணி குனிந்து துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

தேறிவிட்டோம். பிரசவங்கள் இங்கேயே நடக்கும். அந்தக் குண்டு மனிதர் கிளம்பும்போது என்னிடம் வந்து, கட்டில் பக்கம் போனதற்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன் அம்மா, அந்தப் பெண் உங்களைத் தடுத்ததற்கு இரண்டு சேர்த்திருக்கிறேன் என்றார். அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்றார்.

இன்று காலை ஒரு பிரசவம் ஆனது. ஆண் குழந்தை, நல்ல எடை, ஒரு தொல்லையும் இல்லை. ரேடியோ பார்த்துக்கொண்டாள், வாய் ஓயவில்லை, தாய்க்கே தலைவலி வந்திருக்கும். நான் கால்மாட்டில் நின்றேன். செய்ய ஒன்றும் இல்லை. முடிந்ததும் அவர்கள் பேசினைக்கூடக் கழுவி வைத்துவிட்டார்கள். துணி அறையில் போர்வைகள் எல்லாம் மடித்தாகிவிட்டது.

இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அண்ணா. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை